எக்ஸ்பிரசருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

> பழைய டீசல் லோகோ பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். உள்ளே "எக்ஸ்பிரசர்" என்று ஓர் உறுப்பு இருக்கிறது. எந்த அகராதியிலும் இல்லை. "காற்றமுக்கி" என்று போட்டுவிடலாமா?

போட வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகராதியில் கிடைக்காததில் வியப்பில்லை. ஆங்கிலத்திலேயே அது ஒட்டுப்போட்ட சொல்தான். எக்ஸாஸ்டரின் தலையையும் கம்ப்ரசரின் வாலையும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று காற்றை உறிஞ்சி வெளியேற்றுவது, மற்றது காற்றை அழுத்திச் சேர்ப்பது. இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் பெயரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ரயிலை இழுக்கும் லோகோக்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டுக்கு வெளியே இந்தச் சொல்லைக் கேட்பது அரிது.

கையேட்டில் நீங்கள் எழுதுவது டபிள்யூ.டி.எம்.-2 பற்றி என்று முந்தைய மடலில் சொல்லியிருந்தீர்கள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1962இல் முதலில் வந்து, 1964 முதல் வாரணாசியிலேயே செய்யப்பட்ட லோகோ. நம் பக்கத்தில் ஈரோடும் பொன்மலையும் அதற்குப் பேர்போன ஷெட்கள். 90களின் தொடக்கத்தில் ஒரு டீசல் ஷெட்டில் நான் அப்ரண்டிஸாக இருந்தேன். எந்த ஷெட் என்பது இப்போது வேண்டாம். அங்கே கை அழுக்கானதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். "எஞ்சின் அறைக்குள் நுழைந்தால்" என்று கையேட்டின் வரைவில் இருக்கிறது. இந்த லோகோவில் அப்படி நுழைய முடியாது. ஓட்டுநர் அறையிலிருந்து கதவைத் திறந்து வெளியே ரன்னிங் போர்டுக்கு வர வேண்டும். அது லோகோவின் பக்கவாட்டில் ஓடும் ஒடுக்கமான நடைபாதை. அதில் நின்றபடி பீரோ கதவைத் திறப்பதுபோல் வரிசையாக இருக்கும் தகரக் கதவுகளைத் திறந்தால், முகத்துக்கு நேரே எஞ்சின் நிற்கும். ஷெட்டில் "ரூம்" என்றுதான் சொல்வோம், ஆனால் அது ஆள் நடமாடும் அறை அல்ல. தலையையும் இரண்டு கைகளையும் விட இடம் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, ஓட்டுநர் அறையை ஒட்டிய கதவிலிருந்து தொடங்குங்கள். முதலில் மெயின் ஜெனரேட்டர். அடுத்து எஞ்சின்: பதினாறு சிலிண்டர், பக்கத்துக்கு எட்டாக "வி" வடிவில் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 9 அங்குலம், பிஸ்டன் போய்வரும் தூரம் பத்தரை அங்குலம். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று, ஓட்டுநரின் வேகக் கைப்பிடியை எட்டாவது நாட்ச்சுக்கு, அதாவது கடைசிப் படிக்கு, ஏற்றினால் 1000 சுற்று, 2600 குதிரைத் திறன். எஞ்சின் முடிந்த இடத்தில், அதே நேர்கோட்டில், எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்தே சுழற்சியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் எக்ஸ்பிரசர். அதைத் தாண்டினால் ரேடியேட்டரும் பெரிய விசிறியும்.

கிராங்குக்கு "வணரி" என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. யாழின் வளைந்த கோட்டைக் குறித்த பழைய "வணர்" அது. வளைந்து வளைந்து போகும் தண்டுக்கு இதைவிடப் பொருத்தமாக யாராலும் பெயர் வைத்திருக்க முடியாது. பொறாமையோடுதான் சொல்கிறேன்.

எக்ஸ்பிரசரில் மொத்தம் ஆறு சிலிண்டர். நான்கு உறிஞ்சும், இரண்டு அழுத்தும். உறிஞ்சும் நான்கும் வண்டி நெடுக ஓடும் ட்ரெயின் பைப்பிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளிவிடும். வாக்குவம் பிரேக் வண்டியில் அந்தக் குழாயில் வாக்குவம் இருக்கும்வரைதான் பிரேக் விலகி நிற்கும். ஓட்டுநர் காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். நடுவில் கப்ளிங் அறுந்தாலும் காற்று தானாகப் புகுந்து இரண்டு துண்டும் நின்றுவிடும். அழுத்தும் இரண்டு சிலிண்டர்களின் கதை வேறு. வெளிக்காற்றை ஃபில்டர் வழியாக எடுத்து, முதல் சிலிண்டரில் பாதி அழுத்தி, நடுவில் குளிர்வித்து, இரண்டாவதில் மேலும் அழுத்தி, சதுர சென்டிமீட்டருக்கு 8 முதல் 10 கிலோ என்ற கணக்கில் தொட்டியில் சேர்த்து வைக்கும். லோகோவின் சொந்த பிரேக், ஹாரன், தண்டவாளத்தில் மணல் தூவுவது, கண்ணாடி வைப்பர் எல்லாம் இந்தக் காற்றில்தான்.

ஆக, ஒரே தண்டு, ஒரே கூடு, ஆனால் இரண்டு வேறு காற்று. உறிஞ்சிய காற்று அழுத்தப்படுவதில்லை. அழுத்தப்படும் காற்று ட்ரெயின் பைப்பிலிருந்து வருவதில்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஃபிட்டர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன்.

ஒருநாள் வாக்குவம் ஏறவில்லை. கேஜில் 53 சென்டிமீட்டர் (பாதரசக் கணக்கில்) காட்ட வேண்டிய முள் 40ஐத் தாண்ட மறுத்தது. ஒழுக்குப் பார்க்கச் சொன்னார்கள். வாளியில் சோப்பு நுரை கலக்கி, பிரஷ்ஷால் ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பூசிக்கொண்டே போனேன். குமிழி எங்கும் வரவில்லை. ஒழுக்கே இல்லை என்று அறிவித்துவிட்டு நிமிர்ந்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பிடி காட்டன் வேஸ்ட்டை எடுத்து, நான் நுரை பூசிய அதே குழாய் ஓரமாக மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நூல் விறைத்து நின்று, "சுர்ர்" என்று ஒட்டிக்கொண்டது. "தம்பி, இது இழுக்குற பக்கம். நுரைய உள்ள குடிச்சிட்டுப் பேசாம இருக்கும். அந்தப் பக்கந்தான் ஊதும், அங்க சோப்பு போடு" என்றார். ஒரு முழ இடைவெளியில் ஒன்று குடிக்கிறது, மற்றது துப்புகிறது. அன்று மதியம் முழுக்க என் சோப்பு வாளியைப் பற்றித்தான் கேன்டீனில் பேச்சு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு குழுமத்தில் வந்த சொற்களைப் பார்க்கலாம்.

"காற்றமுக்கி" பாதிப் பொருளைத்தான் சொல்கிறது, அதுவும் இரண்டு சிலிண்டருக்கு. மிச்சம் நான்கும் பெயரில்லாமல் நிற்கின்றன.

"வெற்றிடமாக்கி" என்று ஒருவர் எழுதியிருந்தார். 53 சென்டிமீட்டர் என்பது முழு 76இல் பெரும்பங்கு, முழுமை அல்ல. ஏறக்குறைய முப்பது விழுக்காடு காற்று குழாயிலேயே தங்கிவிடும். வாக்குவத்துக்கு வெற்றிடம் என்று பள்ளியில் படித்தாகிவிட்டது, அதோடு சண்டை இல்லை. ஆனால் கருவிக்குப் பெயர் வைக்கும்போது அது செய்து முடிப்பதைவிட, செய்யும் வேலையைச் சொல்வது பாதுகாப்பு.

> கொல்லன் உலையில் "துருத்தி" இருக்கிறதே! இழுக்கவும் செய்கிறது, ஊதவும் செய்கிறது. பழந்தமிழில் "மிதிதோல்". இதைவிட என்ன வேண்டும்?

இதைப் படித்ததும் எனக்கும் ஒரு நிமிடம் மயக்கம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துருத்தி எந்தக் காற்றை இழுக்கிறதோ அதைத்தான் ஊதுகிறது. இழுப்பது அதற்கு ஊதுவதற்கான ஏற்பாடு. எக்ஸ்பிரசரில் உறிஞ்சுவது தனி வேலை, அழுத்துவது தனி வேலை. துருத்தி என்று வைத்தால், என்னைப் போலவே பிள்ளைகளும் சோப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

என் பரிந்துரை "உறிஞ்சழுத்தி". உறிஞ்சு என்பது குற்றியலுகரம், உயிர் வந்ததும் உகரம் தானாகப் போய்விடும்.

> "உறிஞ்சியழுத்தி" என்பதுதானே சரி? உறிஞ்சி ஒரு கருவி, அழுத்தி ஒரு கருவி, இரண்டும் உம்மைத்தொகையாகச் சேர்ந்தால் யகர உடம்படுமெய் வரும்.

அம்மா, இலக்கணப்படி நீங்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் அச்சில் பார்க்கும் வாசகர் "உறிஞ்சி" என்பதை வினையெச்சமாகத்தான் படிப்பார். உறிஞ்சி, பிறகு அழுத்தி. அதாவது உறிஞ்சிய காற்றையே அழுத்துகிறது என்று பொருள் வந்துவிடும். துருத்தியை வாசலில் தடுத்து நிறுத்தினோம், அது கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது. உறிஞ்சழுத்தி என்றால் வினைத்தொகை, "உறிஞ்சும் அழுத்தி". அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. ஆனால் எந்தக் காற்று என்பதில் அது வாய் திறப்பதில்லை. தவறாகச் சொல்வதற்குச் சொல்லாமல் இருப்பது மேல்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வாக்குவம் பிரேக் வண்டிகள் போய் ஏர் பிரேக் வந்ததும் உறிஞ்சும் சிலிண்டர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆறு சிலிண்டரும் அழுத்தும் கம்ப்ரசரை அந்த இடத்தில் பூட்டினார்கள். ஆனால் கதவைத் திறந்தால் இன்னும் "எக்ஸ்பிரசர் ரூம்" என்றே சொல்வார்கள். ஆள் போய்ப் பல வருடம் கழித்தும் வீட்டுக்கு அவர் பெயரே நிற்பதுபோல. வெட்டி ஒட்டிய சொல்லைத் திரும்பப் பிரிக்க முடிவதில்லை. உறிஞ்சழுத்தியில் முன்பாதியை எடுத்துவிட்டால் "அழுத்தி" மிஞ்சும், அதுதான் இன்றைய உண்மையும்கூட.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இதே லோகோவில் எஞ்சினின் கிராங்க் கேஸில் சேரும் எண்ணெய் ஆவியை இழுத்து வெளியேற்ற, ஒரு சின்ன மோட்டாரில் ஓடும் எக்ஸாஸ்டர் தனியாக இருக்கிறது. அதற்கும் "உறிஞ்சி" என்றே வைத்தால் பிள்ளைகள் குழம்பலாம். "ஆவியுறிஞ்சி" என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
பழைய அப்ரண்டிஸ்

---

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் தம்பி. நுரை வாளிக் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். ஒரு விசயம். எங்கட பாடப்புத்தகங்களில் அழுத்தம் இல்லை, "அமுக்கம்" தான். வளிமண்டல அமுக்கம் எண்டு படிச்ச பிள்ளைக்கு "அழுத்தி" எண்டால் பொத்தானை அழுத்துவது போலத் தோன்றும். "உறிஞ்சமுக்கி" எண்டு வைத்தால் என்ன? இங்கும் புகையிரதத்துக்கு வாக்குவம் பிரேக் புதிதில்லை. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எம்-2 எஞ்சின்கள் 1954இல் வந்தன. ஒன்றின் பெயர் அல்பேர்ட்டா, இன்னொன்று ஒன்ராறியோ. சின்ன வயதில் அந்தப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் எனக்குக் கனடாவின் புவியியல் தெரிய வந்தது.

---

மறுமொழி:

ஐயா, வணக்கம். அமுக்கம் எனக்கும் பிடித்த சொல். தயக்கம் ஒன்றுதான்: எங்கள் பக்கம் "அமுக்கிட்டான்" என்றால் அடுத்தவன் காசைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டான் என்று அர்த்தம். ஸ்டோர்ஸ் கணக்குப் பார்க்கிறவர் முன்னால் "லோகோவில் ஓர் அமுக்கி இருக்கிறது" என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கையேட்டின் சொற்பட்டியலில் இரண்டையும் தருவோம்: தமிழ்நாட்டில் உறிஞ்சழுத்தி, இலங்கையில் உறிஞ்சமுக்கி. முன்பாதி இருவருக்கும் ஒன்றுதான், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

---

மறுமொழி, ஒரு லோகோ பைலட்:

எல்லாம் சரி சார். எங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. நடு ராத்திரி, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே பிளாக் செக்‌ஷனில் வண்டி நிற்கிறது, கன்ட்ரோலில் போனை எடுத்தால் பத்து வினாடிக்குமேல் கேட்க மாட்டார்கள். "எக்ஸ்பிரசர் ஃபெயில்" என்று சொல்லி முடிக்கலாம். "உறிஞ்சழுத்தி பழுது" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிடும்.

---

மறுமொழி:

சார், விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எக்ஸ்பிரசர் ஏழெழுத்து. உறிஞ்சழுத்தியும் ஏழெழுத்து. ஐயாவுடைய உறிஞ்சமுக்கியும் ஏழுதான். "ஃபெயில்" என்பதைவிடப் "பழுது" ஓரெழுத்துக் குறைவு. ஆய்த எழுத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து ரேடியேட்டர் விசிறிக்குப் போகும் வழியில் இருக்கும் எடி கரண்ட் கிளட்ச். யாரிடமாவது சொல் இருந்தால் போடுங்கள். எனக்குச் "சுழிமின்" வரை வந்துவிட்டது, கிளட்சில் நிற்கிறேன்.