பந்தயப் பாய்மரப் படகின் ஹல்லை (உடற்கூட்டை) ரோபோவால் அடுக்க ஏன் இன்னும் தயக்கம்?

இழைவரி:
விமான பாகங்கள் தயாரிக்கும் இடத்தில் ஏ.எஃப்.பி. (தானியங்கி இழை பதிப்பு) ரோபோவுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கால் அங்குல அகல கார்பன் டேப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து, சூடாக்கி, ரோலரால் அழுத்தி அச்சின் (மோல்டின்) மேல் பதித்துக்கொண்டே போகும் இயந்திரம் அது. போயிங் 787-இன் உடற்பகுதி இப்படித்தான் உருவாகிறது. ஆனால் ஐமோகா 60, டி.பி.52 மாதிரிப் பந்தயப் படகுகள் கட்டும் இடங்களின் படங்களைப் பார்த்தால், இன்னும் ஆட்கள் அச்சுக்குள் மண்டியிட்டு ப்ரீப்ரெக்கை (பிசின் ஏற்கெனவே ஊறிய கார்பன் துணியை) கையால்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை போடுகிற துறை, பணமும் புழங்குகிறது, அப்புறம் ஏன் இந்த நிலை? செலவுதான் காரணமா, இல்லை தொழில்நுட்பமே ஒத்துவரவில்லையா? ஆரம்பிப்பதாக இருந்தால் எந்தப் பாகத்தில் ஆரம்பிக்கலாம்?

அச்சுக்கூடம்:
படகு கட்டும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். செலவு ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் எண்ணிக்கை. நீங்கள் ஒரு பாகத்துக்கு மாதக்கணக்கில் பாதை எழுதி, சிமுலேஷன் ஓட்டி, சோதனைத் துண்டுகள் செய்து முடித்தால் அதே பாகம் நூற்றுக்கணக்கில் வெளியே வரும். இங்கே ஒரு அச்சு, ஒரு ஹல், அதோடு கதை முடிந்தது. அடுத்த படகுக்கு வடிவமே மாறிவிடும்.

இரண்டாவது, படகின் ஹல் சாண்ட்விச் அமைப்பு. வெளித்தோலை அடுக்கி வேக வைத்து, அதன்மேல் பசைப்படலம் போட்டு நோமெக்ஸ் தேன்கூட்டை (அறை அறையாக இருக்கும் லேசான நடு அடுக்கு, அதாவது கோர்) ஒட்டி மறுபடி வேக வைத்து, கடைசியாக உள்தோல். வெளித்தோலுக்கு ரோபோ அருமையாக வேலை செய்யும், அதில் சந்தேகமே இல்லை. சிக்கல் உள்தோலில் வரும். கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள தேன்கூட்டின் விளிம்பைச் சரிவாகச் சீவி வைத்திருப்போம், அந்தச் சரிவின் மேல் ரோலர் ஏறும்போது முழு அழுத்தமும் ஒரே கோட்டில் இறங்கி அறைச்சுவர்கள் சாய்ந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் டேப் கீழே ஒட்டாது, அடுத்த வரி வந்து அதை இழுத்துக்கொண்டு போகும். கையால் ஒட்டுகிறவர் அந்த இடத்தில் விரலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேய்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சூடு காட்டி உட்காரவைப்பார்.

முன்மூக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சு குழிவானது, இரண்டு பக்கச் சுவரும் ஒன்றாகக் குறுகி வரும், பெரிய ரோபோ தலை அதற்குள் நுழையவே நுழையாது. எப்படியோ நுழைந்தாலும் உள்மூலையில் டேப் அச்சைத் தொடாமல் பாலம் கட்டி நிற்கும். விமானத்துறையில் 180 டிகிரி, ஆறேழு பார் அழுத்தம் என்று ஆட்டோகிளேவ் என்ற அழுத்த உலை அதை அமுக்கிவிடும். இங்கே பெரும்பாலும் காற்றை உறிஞ்சி அமுக்கும் வேக்யூம் பேக் மட்டும், அதாவது ஒரு பாருக்கும் குறைவு, 80 முதல் 120 டிகிரி சூடு. அடுக்கும்போது விட்ட காற்று அப்படியே உள்ளே தங்கும்.

நீர்க்கோடு:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதை மட்டும் படித்தால் இந்தத் துறையில் தானியங்கி வேலையே இல்லை என்று தோன்றும். பாய்களைப் பாருங்கள். நார்த் செயில்ஸின் 3டிஐ பாய்களில், பிரித்துப் பரப்பிய இழை டேப்புகளை இயந்திரத் தலைதான் கணினி சொல்லும் திசையில் பதிக்கிறது, பிறகு முப்பரிமாண அச்சில் சூடும் வெற்றிடமும் கொடுத்து ஒன்றாக்குகிறார்கள். ஏ.எஃப்.பி. இயந்திரம் செய்யும் கோரியோலிஸ் கம்போசிட்ஸ் இருப்பதே பிரான்சில் லோரியாங் பக்கத்தில்தான், ஐமோகா அணிகள் குவிந்திருக்கும் அதே ஊர்.

நான் கட்டமைப்புக் கணக்குப் போடுகிறவன், எனக்கு ரோபோ மேல் ஆசை வேகத்துக்காக இல்லை. கையால் ஒட்டும்போது நாங்கள் 0, 45, 90 என்று திசைகளை எளிமையாக்கித்தான் வரைபடம் கொடுக்கிறோம், ஏனென்றால் அகலமான துணியை அதற்கு மேல் வளைக்க முடியாது. ஆனால் கீல் பெட்டி (படகின் அடியில் தொங்கும் எடைத்துடுப்பு பொருந்தும் இடம்), மாஸ்ட் (பாய்மரம்) அடி, பாய்க்கயிறுகள் பிடிக்கும் இடம் எல்லாவற்றிலும் விசை நேர்கோட்டில் போவதில்லை, வளைந்து விரிந்துதான் போகிறது. டேப்பை அந்த வழியே திருப்ப முடிந்தால் கூடுதல் அடுக்குகள் பல தேவையே படாது. அதிகம் திருப்பவும் கூடாது, வளைவு இறுக இறுக டேப்பின் உள்விளிம்பு சுருங்கி மடிந்து எழும்பிவிடும். கால் அங்குலத்துக்குப் பதில் அரைக்கால் அங்குல டேப் போட்டால் இன்னும் இறுக்கமாகத் திருப்பலாம், நேரம்தான் கூடும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் இறக்கையான ஹைட்ரோஃபாயில் என்பேன். கோர் இல்லாத தடித்த கார்பன், ஏராளமான அடுக்குகள், மெதுவான வளைவு, இழைத்திசை ஓரிரு டிகிரி விலகினாலும் முறுக்கு விறைப்பு மாறி ஃபாயில் தண்ணீரில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இடது ஃபாயிலும் வலது ஃபாயிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே இயந்திரத்தை நம்பலாம்.

அச்சுக்கூடம்:
ஃபாயில் விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். கீல் பெட்டி விஷயத்தில் இல்லை. அங்கே வரும் உள்ளூர் வலுவூட்டல்கள் சின்னச் சின்னத் துண்டுகள். இயந்திரத் தலையில் வெட்டும் கத்திக்கும் ரோலருக்கும் இடையே உள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டைப் பிடித்து வைக்க வழியில்லை, பல இயந்திரங்களில் அது 100 மி.மீ. அளவில் வரும். அதைவிடச் சின்னது எல்லாம் கையால்தான்.

அலைமுகம்:
ஹல்லைச் சுற்றியே பேசுகிறீர்கள், அதற்கு முன்னால் நடப்பதையும் பாருங்கள். ஐந்து விதமாக அசையும், கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் அச்சைக் கடைகிறது, கட்டர் மேசை ப்ளைகளை (கார்பன் அடுக்குகளை) வெட்டி எண் போடுகிறது, மேலே தொங்கும் லேசர் ஒவ்வொரு ப்ளையின் விளிம்பையும் அச்சின் மேல் வரைந்து காட்டுகிறது. இந்த மூன்றும் இருந்தாலே கைவேலையின் பிழை பெருமளவு குறைந்துவிடும், ரோபோ வாங்கும் காசும் வேண்டாம்.

அந்த அச்சையே முப்பரிமாண பிரிண்டரில் அடிக்கவும் முடியும். மெய்ன் பல்கலைக்கழகம் 2019-இல் 25 அடி நீளப் படகையே 72 மணி நேரத்தில் முப்பரிமாணத்தில் அச்சடித்துக் காட்டியது. எடை சுமார் 2.3 டன் என்பதால் பந்தயத்துக்கு ஆகாது, ஆனால் ஒரே முறை பயன்படுத்தும் அச்சுக்கு எடை யாருக்கு வேண்டும்? மேலே கொஞ்சம் தடித்து அச்சடித்து சி.என்.சி.யில் கடைந்தால் போதும். உலைச் சூட்டில் எவ்வளவு விரிகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இழைவரி:
எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகத் தேன்கூட்டுச் சரிவு பற்றிய விளக்கத்துக்கு, எங்கள் பக்கம் யாரும் அதை யோசித்ததில்லை. இன்னொரு கேள்வி. ரோபோ ஒவ்வொரு டேப்பும் எங்கே விழுந்தது, எவ்வளவு இடைவெளி என்று பதிவு வைத்திருக்கும். அது உங்களுக்குப் பயன்படுமா?

நீர்க்கோடு:
ரொம்பவே பயன்படும். 2021 ஜனவரியில் ஆக்லாந்தில் அமெரிக்கன் மேஜிக் அணியின் பேட்ரியட் என்ற பந்தயப் படகு காற்றில் எழும்பி விழுந்து ஹல்லில் ஓட்டை விழுந்தது, சில நாட்களில் ஒட்டுப்போட்டு மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். அப்படி அவசரமாக ஒட்டுப்போடும்போது அந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசை என்று துல்லியமாகத் தெரிந்தால் சீவ வேண்டிய சரிவின் நீளத்தை உடனே முடிவு செய்யலாம். ஒட்டுவது என்னவோ கையால்தான்.

அச்சுக்கூடம்:
ஒரே வடிவில் பல படகு கட்டும் வகுப்புகளில் ஹல்லுக்கும் கணக்கு மாறும். உலகைச் சுற்றும் 2014-15 வோல்வோ ஓஷன் ரேஸுக்கு வி.ஓ.65 படகுகள் ஏழு, எல்லாம் ஒரே வரைபடம். அந்த மாதிரி வேலை வந்தால் வெளித்தோல் ரோபோவுக்கு, உள்தோலும் பல்க்ஹெட்டும் (ஹல்லுக்குள் வரும் குறுக்குச் சுவர்) ஆட்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். நீங்கள் முயற்சி செய்வதாக இருந்தால் தட்டையான பலகையில் ஆரம்பிக்காதீர்கள், அதில் எல்லாமே நன்றாக வரும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஹல்லின் அடிவளைவு ஒன்றைச் சரிவான கோர் விளிம்போடு செய்து, வேக்யூம் பேக்கில் மட்டும் வேக வைத்து, குறுக்கே அறுத்துப் பாருங்கள். படம் எடுத்து இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.