ஓமந்தூராரும் நம் வீடுகளில் இருக்கும் பட்டாவும்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மஸ்கட்டில் இருக்கும் தம்பி ஒருவர், விடுமுறையில் தம் தாயாரைச் சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, "ஓமந்தூரார் என்பவர் பெரிய டாக்டரா?" என்று மகள் கேட்டதாகவும், தம்மால் விடை சொல்ல முடியவில்லை என்றும் சென்ற வாரம் எழுதியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல விரும்பும் விடை இது: அவர் டாக்டர் அல்லர்; திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் பிறந்து, நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்து, காங்கிரஸ் இயக்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்து, நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த விவசாயி. உன் பூட்டனார் உழுத நிலம் அவர் பெயருக்கே பட்டாவானதற்கு ஓமந்தூராருடைய ஆட்சியில் வந்த சட்டமே காரணம்.

ஊர்ப் பெயரால் ஓமந்தூரார் என்று அழைக்கப்பட்ட ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் பதவியேற்றார். மாகாண முதல்வரைப் பிரதமர் என்று அழைத்த காலம் அது. விசாகப்பட்டினத்திலிருந்து மலபார் வரை பரவி, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழியினரும் வாழ்ந்த பெரிய மாகாணத்தை, பாரிஸ்டரான பிரகாசத்துக்குப் பிறகு ஒரு கிராமத்துக் குடியானவர் ஏற்று நடத்தினார். அவர் பதவியில் இருந்தது 1949 ஏப்ரல் வரை, ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அவருடைய உயரம் விளங்கும் என்பது என் எண்ணம்.

செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பாலானவை சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களுக்கும், மற்றவை புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கும் உட்பட்டிருந்தன. எங்கள் கிராமம் ஒரு சிறு ஜமீனைச் சேர்ந்தது. விளைச்சலில் உழுபவரின் பங்கு குடிவாரம், ஜமீனின் பங்கு மேல்வாரம் என்பது முறை. அந்த முறை களத்துமேட்டில் எப்படி நடந்தது என்பதை எங்கள் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். கதிரடித்து, பொலி தூற்றி, நெல்லை அம்பாரமாகக் குவித்த பிறகும், ஜமீன் கணக்கர் வந்து அளக்கும் வரை ஒரு மரக்கால் நெல்லைக்கூட வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. அம்பாரத்தின் மேல் சாம்பலைத் தெளித்து, மரக்கட்டையால் முத்திரை வைத்துவிட்டுப் போவார்கள். குறி கலைந்திருந்தால் திருட்டுப் பழி வரும். ஒரு தை மாதம் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது. கணக்கர் மூன்று நாள் வரவில்லை. சாம்பல் குறி கரைந்துவிடக் கூடாதே என்று எங்கள் ஐயா இரவெல்லாம் வைக்கோலைப் போட்டு மூடிக் காத்திருந்தும், அடிநெல் முளைவிட்டுவிட்டது. முளைத்த நெல்லையும் சேர்த்தே கணக்கர் அளந்தார் என்றும், முளைத்தது முழுவதையும் எங்கள் பங்கில் தள்ளினார் என்றும் அப்பத்தா சொல்லும்போது அவருடைய குரல் மாறிவிடும்.

1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்குச் சில உரிமைகளை அளித்திருந்தாலும், மேல்வாரத்தின் சுமை இறங்கவில்லை. 1937இல் அமைந்த காங்கிரஸ் ஆட்சியில் பிரகாசத்தின் தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. போர் வந்தது, அமைச்சரவை விலகியது, அறிக்கை கிடப்பில் போயிற்று. ஓமந்தூரார் ஆட்சியில் முதலில் 1947இல் ஜமீன் நிலங்களின் வாரத்தைக் குறைக்கும் சட்டமும், அடுத்து 1948ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டமாக ஜமீன் ஒழிப்பும் வந்தன. அரசுக்கும் குடிகளுக்கும் இடைநின்ற ஜமீன்தார்களின் உரிமைகளை இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொண்டு, குடிகளே நேராக அரசுக்குத் தீர்வை கட்டும்படி ரயத்துவாரிப் பட்டா வழங்குவது அந்தச் சட்டத்தின் வேலை. நம் பகுதியின் பெரிய ஜமீன்கள் 1949இல் அரசின் கைக்கு வந்தன. நம்மவர்களிலும் தேவகோட்டைப் பக்கத்தில் ஜமீன் கிராமங்களை வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு இது இழப்புதான். அதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அந்தப் பட்டா இன்னும் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்து, பின்புறம் துணி ஒட்டி வைத்த பழுப்புத் தாள். புல எண், நஞ்சை, ஏக்கர், சென்ட், தீர்வை ரூபாய் அணா என்று கட்டம் கட்டமாக எழுதி, கீழே ஐயாவின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருக்கின்றன. ஜமீன் கணக்குக்கு வெளியே ஓர் அரசாங்கத் தாளில் எங்கள் குடும்பத்தின் பெயர் ஏறியது அதுவே முதல் முறை.

இந்தச் சட்டத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் மேல் பதிவான உரிமை இல்லாமல் கூலிக்கு உழுதவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வானம் பார்த்த நம் சீமைக்கு உயிரான கண்மாய்களும் அரசின் பொறுப்புக்குப் போயின. மடையும் கலுங்கும் ஊரார் பொறுப்பு என்ற எண்ணம் மெல்லத் தேய்ந்து, இன்று எத்தனையோ கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதை ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்து மனம் நோகிறோம். ஆயினும், விளைந்த நெல்லைத் தன் வீட்டுக்குத் தானே எடுத்துச் செல்லும் உரிமையை அச்சட்டம் கொடுத்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கோயில் நுழைவைப் பற்றியும் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும். 1930களில் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது, ஆண்கள் சட்டை போடவோ குடை பிடிக்கவோ கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது என்றெல்லாம் கட்டளை போட்டவர்கள் இருந்தார்கள். அத்தகைய மாவட்டத்துக்கும் சேர்த்து, இந்துக்கள் எவரும் எந்தக் கோயிலுக்குள்ளும் சென்று வழிபடலாம் என்ற சட்டத்தை 1947இல் ஓமந்தூரார் ஆட்சி கொண்டுவந்தது. திருநீறு பூசிய, ஆழ்ந்த பக்தியுடைய, வள்ளலாரின் வழிநின்ற ஒருவர் இதைச் செய்ததனால், சமயத்தின் பெயரால் அவரை எதிர்த்தவர்களுக்கு வாதம் எளிதாக இருக்கவில்லை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகளாகப் போராடிய தேவதாசி ஒழிப்பும் அதே ஆண்டில்தான் சட்டமாயிற்று. அரசுப் பணி இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிப் பங்கு ஒதுக்கியதற்காக ஓமந்தூராரைத் "தாடியில்லாத இராமசாமி" என்று எதிர்ப்பாளர்கள் பழித்தனர். பெரியாருடன் சேர்த்துச் சொன்ன அந்தப் பெயரை ஒரு பாராட்டாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1948 மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து சென்னை மாகாணத்தின் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது; இராயவரமும் நச்சாந்துபட்டியும் காரைக்குடியுடன் ஒரே ஆட்சியின் கீழ் வந்தது அப்போதுதான். 1949 மார்ச்சில் பாரதி பாடல்களின் உரிமையை அரசு பெற்றபோது, அவற்றின் இசை உரிமையை வைத்திருந்த நம் காரைக்குடி ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதைப் பணம் வாங்காமல் கொடுத்தார். பாரதி 1919இல் காரைக்குடிக்கு வந்து சென்றவர் என்பதை நினைக்கும்போது, அந்தக் கொடை நம் ஊரிலிருந்து போனதில் தனி மகிழ்ச்சி.

பரிந்துரைக் கடிதத்தோடு வருகிறவர்களுக்கு ஓமந்தூரார் இடம் கொடுக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் அதிகாரிகளின் வேலையில் தலையிடுவதையும் அவர் பொறுக்கவில்லை. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வளர்ந்ததற்கு இது முக்கியக் காரணம். 1949 ஏப்ரலில் அவர் விலக, அன்றைய நம் மாவட்டமான இராமநாதபுரத்தின் இராஜபாளையத்தைச் சேர்ந்த குமாரசாமி ராஜா முதல்வரானார். ஓமந்தூரார் வடலூருக்குச் சென்றார். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரியும் அந்த ஊரில், குருகுலப் பள்ளிப் பணியிலும் ஏழைப் பிள்ளைகளின் பராமரிப்பிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1970 ஆகஸ்டு 25ஆம் நாள் காலமானார். மாகாணத்தை ஆண்டவர், பதவி போன பிறகு அதைத் தேடித் திரும்பி வரவே இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் 1950களின் நிலவரித் திட்டப் பட்டாக்கள் இருந்தால், வெளிச்சம் படும் இடத்தில் தாளை விரித்து, பெயரும் புல எண்ணும் தெளிவாகத் தெரியும்படி இருபக்கமும் படமெடுத்துச் சங்கத்தின் ஊர் வரலாற்றுத் தொகுப்புக்கு அனுப்புங்கள். நிலத்தைப் பின்னாளில் விற்றுவிட்டவர்களும் தயங்காமல் அனுப்பலாம். எங்கள் ஐயாவின் பட்டாவை இந்த வாரமே நான் அனுப்பிவைக்கிறேன். மஸ்கட் தம்பி தம் மகளிடம் அதைக் காட்டட்டும்.