பைபோலார் (மனசு ஒரு சமயம் உச்சத்துக்கும் ஒரு சமயம் அடிமட்டத்துக்கும் போற நோய்) இருக்கற ஃப்ரண்டு கூட இருக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வெண்ணாத்தங்கரையான்:

எழுதலாமா வேணாமான்னு என் ஃப்ரண்டுகிட்டயே கேட்டேன், "பேரு ஊரு போடாம எழுதிக்கடா"ன்னுட்டான், அதனால மன்னார்குடி பக்கம்னு மட்டும் வச்சுக்கங்க.

ஒண்ணாப்புலேந்து ஒண்ணா திரிஞ்சவங்க நாங்க. ஒரு வருசம் ஜூன் 12 மேட்டூர் தொறந்து நாலஞ்சு நாள் இருக்கும், ராத்திரி ரெண்டரை மணிக்கு போன். "மாப்ள, ஒரு வேலி குத்தகைக்கு பேசி அட்வான்சும் குடுத்தாச்சு"ங்கறான். அவனுக்கு இருக்கறதே நாலு மா. ஒரு வேலின்னா 20 மா, ஆறரை ஏக்கருக்கு மேல வரும். நாத்து எங்கடா ஆளு எங்கடான்னா சிரிக்கறான், பேச்சு ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு தாவுது. ஆறு மாசமா மூலையில சுருண்டு கெடந்தவன், இப்பதான் தெளிஞ்சு எழுந்திருக்கான், நல்லதுதானேன்னு நெனச்சுட்டு நான் பாட்டுக்கு தூங்கிட்டேன். இன்னிக்கும் அந்த ராத்திரிய நெனச்சா என் மேலயே எனக்கு ஆத்திரம் வரும்.

மறுநாள் அவங்கம்மா சொன்னப்பதான் உறைச்சுது. "தம்பி, அஞ்சு நாளா ஒழுங்கா கண்ணே மூடல, ஆனா அசதியே தெரியல அவனுக்கு." தூக்கமும் இல்ல அசதியும் இல்லன்னா அதான் மேனியாவோட, அதாவது மனசு உச்சத்துக்கு போற கட்டத்தோட, மொத அடையாளம்னு பின்னாடி டாக்டர் சொன்னாரு. அதுக்கு முன்னாடி ஒரு எடத்துல வெறும் டிப்ரஷன்னு அதுக்கு மட்டும் மாத்திரை குடுத்திருந்தாங்க, பைபோலார் இருக்கறவங்களுக்கு அது மட்டும் தனியா போனா சில பேரை இப்படி தூக்கி விட்டுடுமாம்.

சொந்தக்காரங்க திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்கினா சரியாயிடும்னாங்க. நானும் பெருமாளை கும்புடறவன்தான், அதனால சண்டை போடல, மாத்திரையையும் எடுத்துட்டு போங்கன்னு மட்டும் சொன்னேன்.

இப்ப லித்தியம் ஓடுது, மனசை ஒரே நெலையில வச்சுக்கற மாத்திரை. போன பங்குனி கடைசியில, பயறு பறிக்கற நேரம், முதுகு வலின்னு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி மூணு நாளா போட்டிருக்கான், என்கிட்ட சொல்லல, வெயில்ல வேர்த்து ஊத்துது, ரெண்டு தரம் பேதி வேற. டீக்கடையில கிளாசை வாங்கறான், தளும்பி பாதி டீ கைலி மேல. கை எப்பவும் லேசா நடுங்கும், ஆனா இது வேற மாதிரி, கால் பின்னுது, நாக்கு குழறுது. பெஞ்சுல ஒக்காந்திருந்த ஒருத்தர் "காலங்காத்தாலயேவா"ன்னு சிரிச்சாரு, அவருக்கு பதில் சொல்ல எனக்கு நேரம் இல்ல. கார் புடிச்சு தஞ்சாவூர் போய் ரத்தம் எடுத்து பாத்தா லித்தியம் 1.9. 0.6லேந்து 1க்குள்ள இருக்க வேண்டியது. டைக்ளோஃபினாக், ஐப்ரூஃபன் மாதிரி மாத்திரையெல்லாம் கிட்னி வழியா லித்தியம் வெளிய போறத கொறச்சுடும், ஒடம்புல தண்ணி வத்தினாலும் உப்பு கொறஞ்சாலும் அதே கதைதான். மூணு நாள் ட்ரிப்ஸ் ஓடுச்சு. இப்ப மெடிக்கல் கடைக்கு அவன் தனியா போறதில்ல, போனாலும் லித்தியம் சாப்பிடறேன்னு மொதல்ல சொல்லிட்டுதான் வலி மாத்திரை கேக்கறான்.

அரசலாத்துப் பொண்ணு:

அண்ணா, என் காலேஜ் ஃப்ரண்டும் இதே, நான் கும்பகோணம் பக்கம். அவ நல்லா இருக்கறப்பவே ஒக்காந்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சோம், "நான் மாத்திரைய நிறுத்தறேன்னு சொன்னா அக்காவுக்கு போன் போடு, ஏடிஎம் கார்டை வாங்கி வச்சுக்க, நான் திட்டினாலும் குடுக்காத"ன்னு. ஒரு தடவை நெஜமாவே திட்டினா, ரெண்டு மாசம் பேசவே இல்ல. உச்சத்துல இருக்கறத விட, எறங்கினப்பறம் தான் செஞ்சதெல்லாம் நெனச்சு நெனச்சு கூனிக் குறுகறா பாருங்க, அப்பதான் எனக்கு பயம். அந்த மாதிரி ஒரு ராத்திரி என்ன பண்றதுன்னு தெரியாம 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், அதுக்கு அடிச்சேன், தமிழ்லயே பேசினாங்க, எந்நேரமும் எடுப்பாங்க. ஆமா, அந்த குத்தகை அட்வான்ஸ் என்னாச்சு?

வெண்ணாத்தங்கரையான்:

பேப்பர் ஐடியா நல்லா இருக்கும்மா, அவன்கிட்ட சொல்றேன். அட்வான்ஸ் பாதி வந்துச்சு. "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சிருந்தா வாங்கியே இருக்க மாட்டேன்"னு நெலக்காரர் ரொம்ப வருத்தப்பட்டாரு. மீதிய குறுவை அறுத்ததும் தர்றேன்னாரு, எந்த வருசத்து குறுவைன்னுதான் சொல்லல.