ஒரே நபருக்கு இரண்டு ரோல்கள்: கிளாஸ் வரைபடத்தில் எப்படி வரைவது?

கேள்வி (மாட்டுத்தாவணி, மதுரை)

வணக்கம். இங்குள்ள மலர்ச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்காகப் பிஎச்பி நிரல்மொழியில் கணக்கு மென்பொருள் எழுதி வருகிறேன். தம் தோட்டத்து மல்லிகையைக் கொண்டுவந்து எடைபோடும் விவசாயியே, முகூர்த்த நாள்களில் பிறர் பூவை வாங்கிச் செல்லும் வியாபாரியாகவும் இருக்கிறார். ‘நபர்’ கிளாஸின் (ஒரே வகை ஆப்ஜெக்ட்டுகளுக்கான வார்ப்பு) கீழ் விவசாயி, வியாபாரி என இரு துணை கிளாஸ்களை வரைந்தேன். ஒருவருக்கே இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் உருவாகி, அவருடைய நிலுவை இரண்டாகப் பிரிந்துவிட்டது. விற்பனைக்கும் முன்பணத்துக்கும் பொதுவான ரசீது அச்சிடும் நிரலை டிரெய்ட்டாக (பல கிளாஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுதி) வைத்திருக்கிறேன். இந்த இரட்டை ரோலையும் டிரெய்ட்டையும் யூஎம்எல்லில் (மென்பொருளின் அமைப்பை வரைந்து காட்டும் குறியீட்டு முறை) எப்படிக் காட்டுவது?

மறுமொழி 1 (திருமங்கலம்)

துணை கிளாஸ்களை நீக்கிவிடுங்கள். விற்பவர், வாங்குபவர் என்பவை ஆளின் இயல்பு அல்ல, ஒரு விற்பனையில் அவர் நிற்கும் இடம். ஆகவே ‘நபர்’, ‘விற்பனை’ ஆகியவற்றுக்கு இடையே இரண்டு தொடர்புக் கோடுகளை வரைந்து, ஒன்றில் நபர் பக்க முனையில் ‘விற்பவர்’ என்றும், மற்றொன்றில் அதே முனையில் ‘வாங்குபவர்’ என்றும் எழுதி, இரண்டிலும் அந்த முனைக்கு 1, விற்பனை முனைக்கு * (எத்தனை வேண்டுமானாலும்) என்று குறிக்க வேண்டும். ரோலுக்கு யூஎம்எல் தந்திருக்கும் இடம் அந்த முனைதான்.

மறுமொழி 2 (மேலூர்)

டிரெய்ட்டுக்கு யூஎம்எல்லில் தனிக் குறியீடு இல்லை. கிளாஸ் பெட்டியின் மேல் «டிரெய்ட்» என்று ஸ்டீரியோடைப் (வகையைச் சொல்லும் அடைமொழி) எழுதுவதே நடைமுறை. அம்புக்குறியில்தான் கவனம் வேண்டும். 2012-இல் வெளிவந்த பிஎச்பி 5.4 முதல் டிரெய்ட் உண்டு என்றாலும் அங்கே அது ஒரு டைப் அல்ல, அதை வைத்து இன்ஸ்டன்ஸ்ஆஃப் (ஆப்ஜெக்ட் இன்ன டைப்பா என்று பார்க்கும்) சோதனை செய்ய இயலாது. எனவே வெற்று முக்கோண முனை கொண்ட கோட்டைப் போட்டால், படிப்பவர் அதை இன்டர்ஃபேஸ் (கிளாஸ் தர வேண்டிய செயல்களின் பட்டியல்) என்றோ தாய் கிளாஸ் என்றோ எண்ணி ஏமாறுவார். ‘விற்பனை’யிலிருந்தும் ‘முன்பண’த்திலிருந்தும் டிரெய்ட்டை நோக்கி «பயன்படுத்துகிறது» என்ற புள்ளிக்கோட்டு அம்பு போதும். ஸ்காலா என்ற நிரல்மொழியில் டிரெய்ட் டைப்பாகவும் இருப்பதால் அங்கே முக்கோணம் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஆனால் விவசாயிக்கு மட்டுமே முன்பண வரம்பு உண்டு; அதை எங்கே வைப்பது?

மறுமொழி 1 (திருமங்கலம்)

அப்படியானால் முனைப் பெயர் மட்டும் போதாது, ரோலுக்கே சொந்தத் தரவு வந்துவிட்டது. ‘விவசாயிக் கணக்கு’ என்று தனி கிளாஸ் வரைந்து, ‘நபர்’ பக்கம் நிரப்பிய சாய்சதுரத்தையும் (கணக்கு அந்த நபரின் பகுதி என்பதன் குறி) கணக்கின் பக்கம் 0..1 (இல்லாமலும் இருக்கலாம், ஒன்றும் இருக்கலாம்) என்பதையும் போடுங்கள். வரம்பு அந்த கிளாஸில் இருக்கட்டும். நிலுவை மட்டும் ‘நபர்’ கிளாஸிலேயே இருக்க வேண்டும், இல்லையெனில் அது மறுபடியும் இரண்டாகப் பிரியும்.