என்ட்ரோப்பி பொருளில் இருக்கிறதா, நம் அறியாமையிலா?

கொதிகலன்:
என்ட்ரோப்பி என்றால், ஒரு பொருளின் மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவு. 1957-இல் இயற்பியலாளர் ஜேன்ஸ், நிச்சயமின்மையை அளக்கும் ஷானனின் தகவல் சூத்திரத்தைக் கொண்டுவந்து, புள்ளியியல் இயற்பியல் முழுவதையும் ஊகிக்கும் கலையாக்கிவிட்டார். தெரிந்த சராசரிகளை வைத்துக்கொள், மற்றபடி என்ட்ரோப்பி உச்சமாகும் நிகழ்தகவுப் பரவலை எடு என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. என் அறியாமையாலா ஐஸ் உருகுகிறது?

நிகழ்தகவன்:
அப்படி யார் சொன்னது? உருகுவது மூலக்கூறுகளின் வேலை. நாம் எழுதும் என்ட்ரோப்பி எண்தான் கேள்வி. எந்த மாறிகளைக் கையாளுகிறோம் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இரண்டு வாயுக்களை வேறுபடுத்த வழியில்லை என்றால் கலப்பு என்ட்ரோப்பி பூஜ்யம். நாளை ஒன்றை மட்டும் விடும் சவ்வு கிடைத்தால், அதே கலப்பில் வேலை கறக்கலாம்.

பின்பெஞ்ச்:
ஒரு பிட் தகவலை (0 அல்லது 1) அழிக்க குறைந்தது kT ln 2 வெப்பம் (k போல்ட்ஸ்மன் மாறிலி, T வெப்பநிலை) வெளியேறியாக வேண்டும் என்று லாண்டவர் 1961-லேயே சொன்னாரே. அறை வெப்பநிலையில் சுமார் 3×10⁻²¹ ஜூல். 2012-இல் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அப்புறம் என்ன சண்டை?

கொதிகலன்:
அது நினைவகம் என்ற பொருளின் கதை, யாருடைய நம்பிக்கையும் அதில் இல்லை. ஹைட்ரஜனுக்கு வாருங்கள். அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்களின் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. அறை வெப்பநிலையில் ஆர்த்தோ முக்கால், பாரா கால். 20 கெல்வினில் சமநிலை என்றால் ஏறக்குறைய எல்லாமே பாரா. உங்கள் கணக்கில் ஆற்றலை மட்டும் கொடுத்தால் அதுதான் வரும். ஆனால் வினையூக்கி இல்லாமல் திரவமாக்கினால் பழைய விகிதம் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். மெதுவாக மாறும்போது வரும் வெப்பம், ஆவியாக்கத் தேவையான வெப்பத்தையும் மிஞ்சும். தொட்டி காலியாவது யார் எதை அறிந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல.

நிகழ்தகவன்:
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கம்தான். ஹைட்ரஜனின் தன்வெப்பம் சமநிலைக் கணக்கோடு ஒத்துவரவில்லை. 1927-இல் இயற்பியலாளர் டெனிசன் ஆர்த்தோ, பாரா இரண்டையும் 3:1-இல் கலந்த தனித்தனி வாயுக்களாக எடுத்ததும் பொருந்தியது. கணிப்பு பொய்த்ததே ஒரு கட்டுப்பாடு, அதாவது ஆர்த்தோ-பாரா விகிதம் சட்டென்று மாறாது என்பது, விடுபட்டதைக் காட்டிக்கொடுத்தது.

கொதிகலன்:
இது தப்பிக்கும் வழி சார். பொருந்தினால் கோட்பாட்டின் வெற்றி, பொருந்தாவிட்டால் விடுபட்ட கட்டுப்பாடு! இந்த மாற்றம் மெதுவானது என்று சொல்வது அணுக்கருச் சுழற்சி பற்றிய இயற்பியல். உங்கள் உச்ச என்ட்ரோப்பி விதி அதைச் சொல்லவே சொல்லாது.

நிகழ்தகவன்:
சொல்லாது, சரி. மூலக்கூறுகளின் நிலைகளை எண்ணி என்ட்ரோப்பி காணும் போல்ட்ஸ்மன் முறையும் சொல்லாதே? எந்த நிலைகளை எண்ணுவது என்று நீங்களும் முதலில் முடிவு செய்துதானே ஆக வேண்டும். அந்தத் தொட்டியில் வினையூக்கியாக ஃபெரிக் ஆக்ஸைடைப் போட்டால் ஒரு எண், போடாவிட்டால் வேறு எண். இதை நீங்கள் எந்தப் பெயரால் அழைப்பீர்கள்?

கொதிகலன்:
சோதனை நிபந்தனை என்பேன். அகவயம், அதாவது அறிபவரைப் பொறுத்தது, என்று ஏன் பெரிய பெயர் வைக்க வேண்டும்? ஒரே தொட்டியை ஒரே கருவிகளோடு இரண்டு பேர் அளந்து வேறு வேறு எண் சொன்னால், ஒருவர் தப்பு.