புது வேலை திருகோணமலையில்: பின்னேரத்தில வாசிக்கப் பகிடியான கலப்புக் காதல் நாவல்கள்?

உப்புவெளி வாசகி
டவுனில ஒரு தனியார் கம்பனியில கணக்குப் பகுதியில சேர்ந்திருக்கிறன். ஆறு மாசம் புரொபேஷன் (தகுதிகாண் காலம்). தமிழ், முஸ்லிம், சிங்கள ஆக்கள் எல்லாரும் ஒரே கந்தோரில இருக்கினம். தொடக்கத்தில எதைக் கவனிக்கவேணும்? மற்றது, ரெண்டு விதமான குடும்பத்துப் பிள்ளையள் காதலிக்கிறதைப் பகிடியாச் சொல்லுற நாவல்கள் எனக்கு நல்ல விருப்பம். ஆங்கிலம் ஓரளவு ஓடும். எதில தொடங்கலாம்?

கோணமலையான்
தங்கச்சி, முதல்ல சம்பளத் துண்டைப் பாருங்கோ. புரொபேஷன் முடிஞ்சாப் பிறகுதான் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) எண்டு ஆராவது சொன்னா நம்பாதீங்கோ. சேர்ந்த நாளிலயிருந்தே கட்டவேணும்: உங்கட 8%, கம்பனியின்ர 12%. ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3% முழுக்கக் கம்பனியின்ர பொறுப்பு, உங்கட சம்பளத்தில கழிக்கேலாது. ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில சேராது. நியமனக் கடிதத்தில அடிப்படைச் சம்பளம் எவ்வளவு எண்டு வடிவாப் பாருங்கோ, ஈ.பி.எப். அங்கத்துவ இலக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கோ.

கனபேர் பிழைவிடுறது லீவிலதான். 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருஷத்தில ரெண்டு மாசம் முடிய ஒரு நாள் கசுவல் லீவுதான் சேரும். வருடாந்த லீவை அடுத்த வருஷந்தான் எடுக்கலாம். அதுவும் சேர்ந்த மாசத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச்சுக்குள்ள சேர்ந்தா 14 நாள், ஒக்டோபர் முதலாந் திகதியிலயோ அதுக்குப் பிறகோ சேர்ந்தா 4 நாள். இதைத் தெரியாம ஊர்த் திருவிழாவுக்கு ஒரு கிழமை நிக்கலாமெண்டு திட்டம் போட்டா சம்பளம் வெட்டுவாங்கள்.

புத்தகப்பூச்சி
சேத்தன் பகத்தின்ர ‘டூ ஸ்டேட்ஸ்’ (2009) இல தொடங்குங்கோ. ஆங்கிலம் லேசு, வசனங்கள் சின்னன். பஞ்சாபிப் பெடியன் கிரிஷ், தமிழ்ப் பிராமணப் பெட்டை அனன்யாவுக்காகச் சென்னையில வங்கி வேலை எடுத்துக்கொண்டு வாறான். உங்களைப்போலத்தான், புது ஊர், புது வேலை. அவளின்ர வீட்டாரை அவன் பேச்சால வெல்லுறதில்லை. தம்பிக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிறான், தகப்பனுக்குக் கந்தோர் வேலையில கைகுடுக்கிறான். பகிடி முழுக்க அங்கதான் ஊறுது. ஆனா தமிழரின்ர கறுப்பு நிறத்தை வைச்சு வாற பகிடியள் எங்களுக்கு உறுத்தும். அந்த இடங்களில புத்தகம் மெலிவுதான்.

அடுத்தது கெவின் குவானின்ர ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ (2013). அமெரிக்காவில வளந்த சீனப் பெட்டை, காதலனின்ர சிங்கப்பூர்ப் பணக்காரக் குடும்பத்துக்குள்ள போய் மாட்டுப்படுறாள். ரெண்டு பேரும் சீனர்தான், ஆனா பழக்கவழக்கம் மலைக்கும் மடுவுக்கும். பேருகள் கனக்க வரும். முன்னால இருக்கிற குடும்ப மரத்தை போனில படமெடுத்து வைச்சுக்கொண்டு வாசியுங்கோ, இல்லாட்டி ஐம்பதாம் பக்கத்துக்கு முன்னமே விட்டிடுவியள். அடிக்குறிப்புகளைத் தாண்டாதீங்கோ, பாதிப் பகிடி அதுக்குள்ளதான் கிடக்கு.

வாங்கிறதெண்டா செப்டெம்பரில கொழும்பில நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நல்லது. அதுவரைக்கும் மின்னூலின்ர இலவச மாதிரிப் பக்கங்களை வாசிச்சுப் பாருங்கோ. முதல் அத்தியாயத்தில சிரிப்பு வராட்டி மற்றதைத் தூக்குங்கோ.

உப்புவெளி வாசகி
நன்றி. கந்தோரில மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில இந்தக் கதையளைப் பற்றிக் கதைக்கலாமோ?

குச்சவெளி அக்கா
கதைக்கலாம் பிள்ளை, ஆனா மூண்டு நாலு கிழமை போகட்டும். மாமியார் போடுற திட்டம், கலியாணச் செலவு, சொந்தக்காரரின்ர கேள்வியள், இதுகளுக்கு எல்லா இனத்து ஆக்களும் சேர்ந்து சிரிப்பினம். சாப்பாடு, கும்பிடுற முறை, நிறம், உச்சரிப்பு, இதில கை வைக்காதீங்கோ. உங்கட பகுதியிலயே ஆரும் கலந்து கலியாணம் கட்டியிருக்கக்கூடும், அதை அறிஞ்சுகொண்டு வாயைத் திறவுங்கோ.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிறகு கூட்டம் வைக்கச் சொல்லிக் கேக்காதீங்கோ, முஸ்லிம் ஆக்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போகவேணும். சாப்பாட்டைப் பகிர முதல் இறைச்சி ஹலாலோ, மற்ற ஆக்கள் அண்டைக்கு மரக்கறியோ எண்டு கேளுங்கோ. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில வேலைக்குக் கூப்பிட்டா அண்டைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் வரவேணும். அதையும் அந்த மாசத் துண்டில பாருங்கோ.