வான்கூவரில் கப்பல் இறங்கி சியாட்டில் திரும்ப எது சரி? ஞாயிறு காலை இறங்குகிறோம், அவசரம்

சியாட்டில் புதுவரவு
எல்லோருக்கும் வணக்கம். அலாஸ்கா போய்விட்டுத் திரும்பும் கப்பலில் இருக்கிறோம். விட்டியரில் ஏறினோம், ஞாயிறு காலை 7 மணிக்கு வான்கூவர் கனடா பிளேஸில் இறக்கிவிடுவார்கள். கப்பல்காரர்களே சியாட்டிலுக்குப் பேருந்து விடுவார்கள் என்று நம்பியிருந்தேன். இடம் தீர்ந்துவிட்டது என்று நேற்றிரவுதான் சொன்னார்கள். ரயிலா, பேருந்தா, வாடகைக் காரா, எது நல்லது? அமெரிக்கா வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, தரைவழியாக எல்லை தாண்டியதே இல்லை. இங்கே வைஃபை விட்டு விட்டுத்தான் வருகிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ரயில் பிரியன்
யோசிக்கவே வேண்டாம் நண்பரே, ஆம்ட்ராக் கேஸ்கேட்ஸ். பசிபிக் சென்ட்ரல் ஸ்டேஷனில் ஏறினால் சியாட்டில் கிங் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கலாம், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அமெரிக்க இமிக்ரேஷன் சோதனை வான்கூவர் ஸ்டேஷனிலேயே முடிந்துவிடும். எல்லை தாண்டியதும் வரும் பிளெய்னில் வண்டி நிற்கும்போது சுங்க அதிகாரிகள் ஏறிப் பார்ப்பார்கள், நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. கப்பல் துறையிலிருந்து ஸ்டேஷனுக்கும் சுலபம். பக்கத்திலேயே வாட்டர்ஃபிரண்ட் ஸ்டேஷன், அங்கே ஸ்கைட்ரெயின் எக்ஸ்போ லைன் ஏறி நான்காவது நிறுத்தம் மெயின் ஸ்ட்ரீட் சயின்ஸ் வேர்ல்ட், இறங்கினால் எதிரிலேயே ரயில் நிலையம். வலப்பக்க ஜன்னல் கேளுங்கள், வழியெல்லாம் கடல் கூடவே வரும்.

பெல்வியூக்காரன்
ரயில் நல்லதுதான், ஆனால் நேரம் பாருங்கள். காலை வண்டி ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடும், கப்பலில் இருந்து இறங்கிப் பிடிக்கவே முடியாது. அடுத்தது மாலையில்தான், சியாட்டில் வந்து சேர இரவு பத்தாகிவிடும். பேருந்தில் போங்கள். ஃபிளிக்ஸ்பஸ் இருக்கிறது, ஆம்ட்ராக்கே த்ருவே பேருந்தும் விடுகிறது. நான் ஐந்தாறு முறை போயிருக்கிறேன், எல்லையில் இருபது நிமிடம்கூட ஆனதில்லை.

பனிக்காலத்தில் வந்தவள்
இருபது நிமிடம் என்று சொல்லி ஆளை அனுப்பாதீர்கள் அண்ணா. நான் வந்த முதல் டிசம்பரில் வான்கூவரில் தோழியைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பினேன். எல்லையில் எல்லோரும் பெட்டியோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். என்னை மட்டும் உள்ளே வேறு அறைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் தப்பில்லை, ஏதோ ஒரு தாளைச் சரிபார்க்க வேண்டுமாம். வெளியே வந்தபோது பேருந்து போய்விட்டது. ஓட்டுநர் என் பெட்டியை இறக்கிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த பேருந்து வரும்வரை மூன்று மணி நேரம், மழை, போனில் சார்ஜ் இல்லை, இந்த நாட்டில் அழைத்துப் பேச ஒரு ஆள் இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் நான் அழுததை இன்றுவரை என் அம்மாவிடம் சொல்லவில்லை.

சோதனைக்கு உள்ளே அனுப்பப்படும் வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் பேருந்து வேண்டாம்.

பீஸ் ஆர்ச் நடையாளி
டாக்சி பிடித்து பீஸ் ஆர்ச் எல்லைச் சாவடி வரை போய், நடந்தே எல்லையைக் கடந்து, அந்தப் பக்கம் பிளெய்னில் நண்பரை வரச் சொல்லலாமே. நடந்து வருபவர்களுக்கும் அங்கே சோதனை உண்டு. நான் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் செய்தேன்.

கிர்க்லண்ட் அக்கா
தம்பி, எத்தனை பேர்? எத்தனை பெட்டி? யார் யாருக்கு என்ன வீசா? ஞாயிறு எத்தனை மணிக்குள் வந்தாக வேண்டும்? இதெல்லாம் சொல்லாமல் ரயிலா பேருந்தா என்றால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

சியாட்டில் புதுவரவு
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஐந்து பேர். நான், மனைவி, நான்கு வயது மகள், என் அப்பா அம்மா. ஏழு பெட்டிகள். அப்பாவால் அதிக தூரம் நடக்க முடியாது, வீல்சேர் வைத்திருக்கிறோம். பெற்றோருக்கு அன்றே இரவு 9 மணிக்கு சியாட்டிலின் சீடாக் விமான நிலையத்திலிருந்து ஊருக்கு விமானம். கனடா வீசா ஐந்து பேருக்கும் இருக்கிறது. பெற்றோருக்கு பி2 சுற்றுலா வீசா, அது இன்னும் செல்லும். இன்னொன்று. நான் பழைய கம்பெனியின் எச்-1பி வேலை வீசா ஸ்டாம்பில் (பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் வீசா) வந்தவன், அது ஜூனில் முடிந்துவிட்டது. எங்கள் மூவருக்கும் ஐ-94 மட்டும், அதாவது எதுவரை தங்கலாம் என்ற பதிவு, 2027 வரை இருக்கிறது. அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

டெக்ஸாஸ் பக்கம்
ஸ்டாம்ப் முடிந்த பிறகு நாட்டை விட்டு ஏன் வெளியே போனீர்கள்? இனி இந்தியா போய் ஸ்டாம்பிங் முடித்துத்தான் திரும்ப வேண்டும்.

சியாட்டில் புதுவரவு
அய்யோ, நிஜமாகவா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பெல்வியூக்காரன்
ஸ்டாம்பிங் பற்றிப் பேச ஆரம்பித்தால் வயிறு எரிகிறது. முன்பெல்லாம் நம் ஆட்கள் வான்கூவரிலேயே நாள் வாங்கி முடித்துவிட்டு வருவார்கள். 2025 செப்டம்பரில் விதி மாறிவிட்டது, சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் போகாததற்கு இந்த ஸ்டாம்பிங்தான் காரணம்.

பனிக்காலத்தில் வந்தவள்
எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அண்ணா. அண்ணன் மகன் பிறந்து இரண்டு வருடமாகிறது, வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ரயில் பிரியன்
கிரீன் கார்டு வந்தால்தான் நிம்மதி. அவர்களுக்குக் கனடா வீசா வேண்டாம், 2022 ஏப்ரலிலிருந்து இடிஏ என்ற இணைய அனுமதியும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் கார்டும் போதும்.

கிர்க்லண்ட் அக்கா
இந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம், தம்பி கப்பலில் பயந்துபோய் இருக்கிறார்.

முதலில் ஸ்டாம்ப். நீங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்று ஒரு விதி இருக்கிறது. கனடாவிலோ மெக்சிகோவிலோ 30 நாளுக்குள் இருந்துவிட்டு, செல்லுபடியாகும் ஐ-94 உடன் திரும்பினால், முடிந்துபோன ஸ்டாம்போடு உள்ளே வரலாம். இடையில் புது வீசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது, வேறு நாட்டுக்கும் போயிருக்கக் கூடாது. என் கணவர் இப்படி இரண்டு முறை வந்திருக்கிறார். கடைசி முடிவு அதிகாரியுடையது, அதனால் தாள்கள் கையில் இருக்க வேண்டும். இன்றே கப்பலின் விருந்தினர் சேவை மேசைக்குப் போய், அமெரிக்கச் சுங்க, எல்லைத் துறையான சிபிபியின் இணையதளத்தில் இருந்து ஐந்து பேரின் ஐ-94ஐயும் அச்செடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் எச்-1பி ஒப்புதல் கடிதமான ஐ-797, கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, பெற்றோரின் விமான டிக்கெட், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

உங்களை உள்ளே அழைத்து விசாரிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் பேருந்து வேண்டாம், தங்கை சொன்னது சரி. இரவு விமானம் இருப்பதால் மாலை ரயிலும் கணக்கில் இல்லை. வீல்சேரோடு பீஸ் ஆர்ச்சில் ஏழு பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பதும் நடக்காத காரியம். மிச்சம் இருப்பது ஓட்டுநரோடு வரும் வேன், அல்லது வாடகை வேன். இரண்டிலும் நீங்கள் வெளியே வரும்வரை வண்டி உங்களுக்காகக் காத்திருக்கும்.

என்னைக் கேட்டால் ஓட்டுநரோடு வரும் வேன். எட்டு மாதத்தில் இந்த ஊர்ச் சாலையே பழகியிருக்காது, அன்று மனதும் வேறெங்கோ இருக்கும். பதிவு செய்யும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றிப்போக அனுமதி இருக்கிறதா, எல்லையில் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், ஏழு பெட்டியும் வீல்சேரும் கொள்ளுமா, குழந்தைக்குக் கார் சீட் உண்டா. வேன் கிடைக்காமல் வாடகை வண்டி எடுத்தால், எல்லை தாண்டி சீடாக்கில் விடப்போகிறேன் என்று முன்பே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சியாட்டிலில் இருந்து நண்பர் வந்து கூட்டிப்போகிறேன் என்றால் அவருடைய கனடா வீசாவைக் கேளுங்கள், எச்-1பியில் இருப்பவருக்கு அது வேண்டும்.

சனி இரவு பெட்டியைக் கப்பல்காரர்களிடம் கொடுக்காமல் நீங்களே எடுத்துக்கொண்டு இறங்கினால் முதல் ஆட்களாக வெளியே வரலாம். ஆனால் ஏழு பெட்டி, வீல்சேர், குழந்தை. அதனால் இரண்டு பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள், அப்பாவுக்கு உதவி வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுங்கள். வேனை 9:30க்கு வரச் சொல்லுங்கள். எல்லையில் நிற்காமல் போனால் சீடாக் மூன்று மணி நேரம். கோடை ஞாயிறு என்பதால் எல்லைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியும் மூன்று மணிக்குள் விமான நிலையத்தில் இருப்பீர்கள். சாலையிலேயே பீஸ் ஆர்ச், பசிபிக் ஹைவே என்ற இரண்டு எல்லைச் சாவடிகளிலும் எவ்வளவு காத்திருப்பு என்று பலகை காட்டும், குறைவான பக்கம் போகச் சொல்லுங்கள். முன்அனுமதி அட்டை உள்ளவர்களுக்கான நெக்ஸஸ் வரிசையில் மட்டும் தவறியும் நுழைய வேண்டாம்.

கப்பலில் எடுத்த பழம் எதையும் பையில் வைக்காதீர்கள். வான்கூவரில் கறிவேப்பிலை வாங்கவும் கூடாது. சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

டெக்ஸாஸ் பக்கம்
எனக்கு அந்த விதி தெரியாது. பயமுறுத்தியதற்கு மன்னியுங்கள் நண்பரே.

சியாட்டில் புதுவரவு
பரவாயில்லை சார். அக்கா, எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐ-94 ஐந்தும் அச்செடுத்தாயிற்று. முதலில் கூப்பிட்ட வேன்காரர் எல்லையில் அரை மணி நேரம்தான் நிற்பேன் என்றார், விட்டுவிட்டேன். இரண்டாமவர் எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன், மணிக்கணக்கில் கூடுதல் கொடுத்தால் போதும் என்றார், கார் சீட்டும் இருக்கிறதாம். 9:30க்குச் சொல்லியிருக்கிறேன். ஐ-797 அசல் வீட்டில் இருக்கிறது, மின்னஞ்சலில் வந்த நகல்தான் கையில். அது போதுமா?

கிர்க்லண்ட் அக்கா
அதையும் அச்செடுத்து வையுங்கள். உங்கள் ஐ-94 அவர்கள் கணினியிலேயே தெரியும். வீட்டுச் சாவி யாரிடமாவது இருந்தால் அசலைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், இருபுறமும்.